நார்மண்டி சந்தையில் பார்த்த ஜெர்மன் விழுகத்தி அசலா? கழுகு முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பாரிஸில் இருக்கிறார். விடுமுறைக்கு நார்மண்டி போன இடத்தில், ஊர்ச் சதுக்கத்தில் போட்டிருந்த பழம்பொருள் சந்தையில் ஒரு மரப்பிடிக் கத்தி கண்ணில் பட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் லீவரைத் தூக்கிக்கொண்டு கத்தியைக் கவிழ்த்தால் அலகு தானாக வெளியே வந்து விழுகிறது, லீவரை விட்டால் பூட்டிக்கொள்கிறது. அலகில் 'ரோஸ்ட்ஃப்ரை' என்று ஒரு சொல், அப்புறம் சின்னதாக ஒரு கழுகு முத்திரை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் வைத்திருந்தது, கழுகைப் பார்த்தாலே தெரியவில்லையா என்கிறார் விற்பவர். இது அசலா, இதிலிருந்து சேகரிக்கத் தொடங்கலாமா, லண்டனில் இருக்கும் மச்சானிடம் கொடுத்து வைக்கலாமா என்று மூன்று கேள்வி.

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: லண்டனுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். காரணம் கீழே வருகிறது. முதல் கேள்விக்கு, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் நீங்கள் எழுதியதில் பாதி முத்திரையைப் பற்றியது. இந்தக் கத்தி விஷயத்தில் யாராலும் மிக எளிதாகச் செய்துவிட முடிகிற ஒரே பகுதி அந்த முத்திரைதான். கத்தி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதன் ஒவ்வொரு பாகமும் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பழகுங்கள். முத்திரையைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முதலில் பெயர். ஜெர்மானியர்கள் இந்த வகைக் கத்தியைப் பொதுவாக 'ஃபால்மெஸ்ஸர்' என்பார்கள், விழும் கத்தி என்று அர்த்தம். இங்கே நான் விழுகத்தி என்றே எழுதுகிறேன், சொல்ல எளிதாக இருக்கிறது. ராணுவத்தில் இதற்கு வைத்த பெயர் 'ஃப்ளீகர்கப்மெஸ்ஸர்'. ஃப்ளீகர் என்றால் விமானப் படைக்காரன், கப்பன் என்றால் கயிற்றை வெட்டி விடுவது. ஆக, இது விமானப் படையில் இருப்பவன் கயிறு அறுக்க வைத்திருந்த கத்தி. சண்டை போடும் கத்தி என்று விற்பவர்கள் சொல்வார்கள், அதற்காகச் செய்ததல்ல. பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது, அந்த வேலை புரிந்தால்தான் அதன் உருவமும் புரியும்.

விமானப் படையின் கீழ் இருந்த ஜெர்மனியின் பாராசூட் படைக்கு 1936-இல் ஸ்டெண்டால் என்ற ஊரில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். அடுத்த வருடமே, 1937-இல், இந்தக் கத்தி வந்துவிட்டது. அவசரம் ஏன் என்றால், அவர்கள் பயன்படுத்திய ஆர்இசட் வரிசைப் பாராசூட்டில் ஒரு சங்கடம் இருந்தது. பிரிட்டிஷ், அமெரிக்கப் பாராசூட்டில் தோளுக்கு மேலே இரண்டு பக்கமும் பட்டை வரும், அதைப் பிடித்து இழுத்து ஓரளவு திசை திருப்பலாம். ஜெர்மன் பாராசூட்டில் கயிறெல்லாம் சேர்ந்து முதுகுக்குப் பின்னால் ஒரே இடத்தில் முடிந்தது. குதித்தவன் முன்னால் சாய்ந்தபடி தொங்குவான், கயிறு கைக்கு எட்டாது, எந்தப் பக்கம் போகிறோம் என்பது காற்றின் கையில். தரையில் முட்டியும் கையும் ஊன்றி முன்பக்கமாக விழுவான். அதற்காகவே முட்டிக்கு மெத்தை கட்டியிருப்பார்கள். விழுந்த பிறகும் தொல்லை முடியாது: காற்று அடித்தால் விரிந்த பாராசூட் ஆளையே தரையோடு இழுத்துக்கொண்டு போகும், ஆரம்ப கால வார்ப் பட்டையில் நாலு கொக்கி, குப்புறக் கிடந்து இழுபடும் ஒருவன் அந்த நாலையும் கழற்றுவது லேசில் நடக்காது. ஒரு கை உடைந்திருக்கலாம், கயிறு சுற்றி ஒரு கை மாட்டியிருக்கலாம், மரத்தில் தலைகீழாகத் தொங்கலாம். அந்த நிலையில் இரண்டு கையால் நகத்தை வைத்து விரிக்கிற சாதாரண மடக்குக் கத்தியால் பயன் இல்லை. உறையில் போட்ட நீளக் கத்தியோ குதிக்கும்போது ஆபத்து.

அதனால்தான் இப்படி ஒரு அமைப்பு. அலகு முழுக்கப் பிடிக்குள் இருக்கும், மடங்காமல் நேராக உள்ளே சறுக்கி நிற்கும். கட்டைவிரலால் லீவரைத் தூக்கி, கத்தியின் முனையைக் கீழே பார்க்க வைத்தால் அலகு தன் எடையாலேயே இறங்கும், அல்லது கையை ஒரு உதறு உதறினால் வெளியே வரும். லீவரை விட்டதும் அது அலகைப் பிடித்துக்கொள்ளும். மூட வேண்டுமானால் முனையை மேலே வைத்து லீவரைத் தூக்கினால் போதும், திரும்ப உள்ளே போய்விடும். அலகைத் தள்ள ஸ்பிரிங் கிடையாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் லீவருக்கு மட்டும்தான். எல்லாமே ஒரு கை வேலை. அமெரிக்கர்கள் இதே பிரச்சினைக்குப் பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் தள்ளித் திறக்கும் எம்2 கத்தியைக் கொடுத்தார்கள். ஜெர்மானியர் தீர்வில் உடைந்து போகும் பாகம் குறைவு, எனக்கு அதில் இன்றைக்கும் மரியாதை உண்டு.

பிடியின் பின்பக்கம் மடங்கிக் கிடக்கும் ஒரு குத்தூசியும் உண்டு. அரிசி மூட்டைக் கடையில் குத்தூசி பார்த்திருப்பீர்கள், அதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது உருண்டையாக, திடமாக இருக்கும். இறுகிப்போன பாராசூட் கயிற்று முடிச்சை நெம்பி அவிழ்க்க. பின் முனையில் கயிறு கட்ட ஒரு வளையம், கத்தி கையிலிருந்து நழுவினாலும் தொலையாமல் இருக்க. பாராசூட் வீரனின் கால்சட்டையில் வலது தொடைப் பக்கம் இதற்கென்றே தனிப் பை தைத்திருப்பார்கள். அளவு சொன்னால்: அலகு சுமார் 10.5 செ.மீ., திறந்த நிலையில் மொத்தம் சுமார் 25 செ.மீ. சந்தைக்குப் போகும்போது சின்ன அளவுகோல் ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள், அளவு கணிசமாகத் தவறினால் மேலே பார்க்கவே வேண்டியதில்லை.

செய்தது எல்லாம் சோலிங்கனில். ரைன் பகுதியில் வுப்பர் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர், பல நூறு வருடமாகக் கத்தி, வாள், கத்தரி தவிர வேறு பேச்சில்லை. 1938-இலேயே 'சோலிங்கன்' என்ற பெயரை வேறு ஊர்க்காரர்கள் கத்தியில் போடக் கூடாது என்று தனிச் சட்டம் வந்தது, அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. போர்க்கால விழுகத்தியில் நீங்கள் அதிகம் பார்க்கப்போகும் பெயர்கள் இரண்டு: பால் வெயர்ஸ்பெர்க், எஸ்எம்எஃப். இரண்டாவது 'சோலிங்கர் மெட்டால்வாரன் ஃபாப்ரிக்' என்பதன் சுருக்கம், சோலிங்கன் உலோகப் பொருள் தொழிற்சாலை. போரின் பிற்பகுதியில் தொழிற்சாலைப் பெயருக்குப் பதிலாக 'ஆர்பி' என்று தொடங்கும் எண் வரும், எந்தத் தொழிற்சாலை என்று எதிரி படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாதே. ரோஸ்ட்ஃப்ரை என்பது கம்பெனிப் பெயர் இல்லை, 'துருப்பிடிக்காதது' என்பதுதான் அர்த்தம். இன்றைக்கு ஜெர்மன் சமையல் கத்தியிலும் அதே சொல் இருக்கும். அதனால் ரோஸ்ட்ஃப்ரை என்று இருப்பது எதையும் நிரூபிக்காது.

போர்க்காலக் கத்தியில் முக்கியமாக இரண்டு மாடல். முதலாவது பாகங்களை ரிவெட் அடித்து மூடியது, கழற்ற முடியாது. உலோகப் பகுதியில் பெரும்பாலும் நிக்கல் முலாம். மணலும் மண்ணும் உள்ளே போய் அலகு சிக்கினாலோ, முனை உடைந்தாலோ, இருக்கிற இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. போர் தொடங்கிய பிறகு வந்த இரண்டாவது மாடலைக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே பிரித்துச் சுத்தம் செய்து மாட்டலாம். இதில் பிந்தைய கத்திகளில் பளபளக்கும் முலாம் போய், நீலம் கலந்த கறுப்பு மெருகு வந்துவிடும். போர் நீள நீள நிக்கல் கிடைப்பது அரிதாகிவிட்டது, வேலையையும் குறைக்க வேண்டியிருந்தது. பிடிக்கு வால்நட், ஓக் போன்ற மரங்கள். சேகரிப்பவர்கள் ஒரு கத்தியைப் பற்றிப் பேசினால் முதல் கேள்வியே 'கழற்றுவதா, கழற்றாததா' என்பதுதான். நீங்களும் விற்பவரிடம் அதையே முதலில் கேளுங்கள். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்றால், அவர் சொல்லும் மற்றக் கதைகளுக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

சரி, இனி பார்க்கும் முறை. நான் இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு கடையில் கழற்றாத மாடல் என்று ஒன்றை வாங்கினேன். கழுகு முத்திரை அவ்வளவு தெளிவு, இறகு இறகாக எண்ணலாம். வீட்டுக்கு வந்து, நாற்பது வருடமாக இதையே சேகரித்துவரும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து என் கத்தியின் பக்கத்தில் வைத்து, மேஜை விளக்கைத் தாழ்த்தி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அந்த விளக்கடியில் பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் கத்தியில் லீவரின் மேல் நிக்கல் போயிருந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. கட்டைவிரல் பதியும் இடத்தில் மட்டும் சாம்பல் நிற எஃகு தெரிந்தது, சுற்றிலும் முலாம் மெல்ல மெல்ல மங்கி அதில் கலந்தது. நம் வீட்டு அரிவாள்மனையில் கால் வைத்து அழுத்தும் இடம் மட்டும் வழவழவென்று இருக்கும், மற்ற இடம் சொரசொரப்பாகவே இருக்கும், இல்லையா? அதே கணக்கு. கை படும் இடம் தேயும், படாத இடம் தேயாது. என் கத்தியில் முலாம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மங்கியிருந்தது, விரல் போகவே வாய்ப்பில்லாத குத்தூசியின் அடிப்பள்ளம் உட்பட. யாரோ அமிலத்திலோ, பொடி போட்டோ முழுக் கத்தியையும் ஒரே நாளில் கிழமாக்கியிருக்கிறார்கள்.

அடுத்து மரம். எண்பது வருடம் ஆன மரம் கொஞ்சமாவது சுருங்கும். அவர் கத்தியில் விரலை மரத்திலிருந்து உலோகத்துக்கு நகர்த்தினால் விளிம்பில் உலோகம் ஒரு மயிரிழை தூக்கி நிற்பது தெரிந்தது. அவருடையது ஓக் பிடி, ரிவெட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. ஓக் மரத்தில் துவர்ப்புச் சத்து அதிகம், ஈரத்தோடு இரும்பு பட்டால் மை போல் கறுப்பு ஊறும், கடுக்காய்த் தண்ணீரில் இரும்புத் துரு பட்டால் கறுக்கிற மாதிரி. இது ரிவெட்டிலிருந்து மரத்தின் ரேகை வழியாகப் பரவும், வெளியிலிருந்து சாயம் பூசினால் அப்படி வராது. என் கத்தியில் மரமும் உலோகமும் ஒரே மட்டத்தில் உப்புத்தாள் போட்ட மாதிரி நின்றன, கறை மரத்தின் மேல்தான் இருந்தது.

அப்புறம் அலகின் கன்னம். அலகு ஒவ்வொரு தடவையும் எஃகுக் கூட்டுக்குள் உரசிக்கொண்டு இறங்கி ஏறுகிறது. அதனால் அசல் கத்தியில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும், கூட்டின் மேடு எங்கே தொடுகிறதோ அங்கேதான் விழும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நன்றாகத் தெரியும். கோடே இல்லாத அலகு என்றால் அது பயன்படாத கத்தியாக இருக்க வேண்டும். அப்படியானால் லீவரிலும் மரத்திலும் தேய்மானம் இருக்கக் கூடாது. ஒன்று தேய்ந்து ஒன்று தேயாமல் இருந்தால் கேள்வி கேளுங்கள். கழற்றக்கூடிய மாடலில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதில் ஒரு கத்தியின் அலகை இன்னொன்றில் மாட்டிவிட வாய்ப்பு உண்டு, பாகங்கள் அசலாகவே இருந்தும் கத்தி ஒன்றாகப் பிறந்ததாக இருக்காது. துருவையும் கவனியுங்கள். அலகு துருப்பிடிக்காத எஃகு, கூடும் லீவரும் அப்படியல்ல. மண்ணில் கிடந்த கத்தியில் அலகிலும் அரிப்புக் குழி விழலாம்தான், ஆனால் அலகும் லீவரும் ஒரே செந்நிறத் துருவில் ஒரே மாதிரி மூழ்கியிருந்தால் அந்த ரோஸ்ட்ஃப்ரை என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

முத்திரைக்கு வருவோம். அவர் கத்தியில் உலோகப் பகுதியில் இருந்த அடையாளங்களின் பள்ளத்துக்குள்ளும் முலாம் இருந்தது. அடித்த பிறகு மெருகேற்றி முலாம் போட்டிருக்கிறார்கள். எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தன, பள்ளத்தில் வருடக்கணக்கான அழுக்கு கெட்டியாக ஒட்டியிருந்தது. என் கழுகின் ஓரத்தில் உலோகம் வரப்பு மாதிரி மேலே எழும்பி நின்றது, நகத்தை வைத்தால் மாட்டியது. பள்ளத்தின் அடியில் முலாம் இல்லாத வெறும் உலோகம் மின்னியது. முலாம் போட்டு முடித்த கத்தியில், பிறகு எப்போதோ ஒருவர் சுத்தியலால் அடித்த முத்திரை. நான் மயங்கிய அந்தத் தெளிவுதான் அது போலி என்று சொன்ன சாட்சி. கத்தி சோலிங்கன் வேலைதான், ஆனால் போருக்குப் பிறகு செய்தது, கழுகு மட்டும் இடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரரிடம் திரும்பப் போனேன், பணம் வரவில்லை.

இன்னும் சில சின்னச் சோதனைகள். பிளஸ் தலைத் திருகு எங்காவது தெரிந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அலகு திறந்த நிலையில் லேசாகப் பக்கவாட்டில் ஆடினால் பயப்பட வேண்டாம், தானாக விழ வேண்டிய அலகு இறுக்கமாக இருக்க முடியாது. ஆனால் முன்பின்னாக ஆடக் கூடாது, மூடிய நிலையிலும் பூட்டு பிடிக்க வேண்டும். லீவரைத் தொடாமல் குலுக்கினாலே அலகு வெளியே வந்தால் உள்ளே ஸ்பிரிங் செத்துவிட்டது, விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். இதையெல்லாம் முனை உங்கள் கால் பக்கம் இல்லாமல், மேஜைக்கு மேல், துணி விரித்துச் செய்யுங்கள். விழுகிற அலகு யார் கால் என்று பார்க்காது.

போருக்குப் பிறகு வந்தவற்றைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1955-இல் மேற்கு ஜெர்மனிக்குப் புதிய ராணுவம் அமைந்தது, அதன் பாராசூட் வீரர்களுக்கும் இதே கப்மெஸ்ஸர்தான், மரத்துக்குப் பதில் ஆலிவ் பச்சைப் பிளாஸ்டிக் பிடியோடு. அந்த வரிசையில் எல்எல்80 என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். நாஜி முத்திரை கிடையாது, கைக்கு எட்டும் விலை, போலி செய்ய யாருக்கும் பெரிய ஆசை கிடையாது. தொடங்குகிறவருக்கு நான் சொல்வது எப்போதும் இதுதான்: முதல் கத்தி பச்சைப் பிடியாக இருக்கட்டும். லீவர் எப்படி வேலை செய்கிறது, அலகு விழும் சத்தம் எப்படி இருக்கும், கையில் எடை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் பழகிவிட்டால் மரப்பிடிக் கத்தியைத் தொட்டதும் கை தானாக ஒப்பிட்டுப் பார்க்கும். பிரிட்டிஷ்காரர்களும் போர்க்காலத்திலேயே ஜெர்மன் கத்தியைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள், ஷெஃபீல்டில் ஜார்ஜ் இபர்சன் என்ற நிறுவனம் செய்தது. அது மிக அரிது. சந்தையில் யாராவது இபர்சன் என்று ஒன்றை நீட்டினால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

வாங்கிய பிறகு செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது: தீட்டாதீர்கள். சாணைக்கல்லில் தீட்டிய அலகு குறுகி, முனையின் வடிவமே மாறிவிடும், திரும்ப வராது. பாலிஷ் போட்டு மினுக்கவும் வேண்டாம், மேலே சொன்ன சாட்சியத்தையெல்லாம் நீங்களே துடைத்துவிட்டதாகும். உலர்ந்த மெல்லிய துணி, லீவர் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய், உலோகத்தின் மேல் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவாக்கிய ரெனசான்ஸ் மெழுகு மாதிரி ஏதாவது மெல்லிய பூச்சு, அது போதும். தோல் உறையில் வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் பதனிடும் ரசாயனம் உலோகத்தைத் தின்னும். காட்டுவதற்காகத் திரும்பத் திரும்ப அலகை விழவிடுவதும் வேண்டாம், ஒவ்வொரு விழுதலும் பூட்டில் ஒரு அடி.

இப்போது சட்டம். இதைக் கடைசியில் எழுதினாலும் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். பிரிட்டனில் 1959-ஆம் ஆண்டுச் சட்டமே விழுகத்தியைச் செய்வதையும் விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் நாட்டுக்குள் கொண்டுவருவதையும் தடை செய்தது. வீட்டில் சும்மா வைத்திருப்பது மட்டும் அப்போது குற்றமில்லை. 2019-இல் வந்த புதிய சட்டம் அதையும் மூடிவிட்டது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 ஜூலை 14 முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஆக நீங்கள் கடல் தாண்டிக் கொண்டுபோனால் கொண்டுபோன உங்கள் மேலும் வழக்கு, வாங்கி வைத்த மச்சான் மேலும் வழக்கு. பழம்பொருள்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இது செய்த ஊரான சோலிங்கனுக்கும் எடுத்துக்கொண்டு போக முடியாது: ஜெர்மனியில் 2003 ஏப்ரல் முதல் விழுகத்தி தடை செய்யப்பட்ட ஆயுதம். தவிர, அங்கே நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டம் தனியாகத் தடுக்கிறது, வரலாறு, கல்வி போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைக் கட்டுப்படுத்துகிறது, அதன்மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. நியூயார்க்கில் பல வருடமாக இந்தத் தடையின் பெயரால் சாதாரண மடக்குக் கத்தி வைத்திருந்த கூலித் தொழிலாளிகளை, அதிலும் கறுப்பினத்தவரையும் லத்தீன் அமெரிக்கரையும், போலீஸ் பிடித்துக்கொண்டே இருந்தது. 2019 மே மாதம்தான் அந்தத் தடையை நீக்கினார்கள். நான் இருக்கும் இடத்தில் வீட்டில் வைத்திருக்கத் தடையில்லை, அதனால்தான் வைத்திருக்கிறேன். பிரான்சில் நீங்கள் இருக்கும் ஊரின் காவல் அலுவலகத்திலோ சட்டம் தெரிந்த ஒருவரிடமோ வாங்குவதற்கு முன்பே கேளுங்கள், வாங்கிவிட்டுக் கேட்காதீர்கள். வீட்டில் வைத்திருக்க அனுமதி உண்டு என்றாலும் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் போகலாம் என்று அர்த்தமில்லை.

நார்மண்டியில் கிடைத்தது என்பது நம்பக்கூடியதுதானா என்று கேட்டால், நம்பக்கூடியதுதான். 1944 ஜூனில் கரென்டானைச் சுற்றி ஜெர்மன் 6-ஆவது பாராசூட் ரெஜிமென்ட் சண்டையிட்டது, அப்போது அவர்கள் தரைப்படையாகவே போரிட்டார்கள், ஆனாலும் கத்தி இருந்திருக்கும். விமானிகளிடமும் இருந்திருக்கும். ஆனால் போரின் நினைவாக எதையாவது வாங்க வேண்டும் என்று வருடாவருடம் ஆயிரக்கணக்கானோர் வருகிற கடற்கரை அது, போலி விற்பவனுக்கும் அது தெரியும். ஊரை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சேகரியுங்கள். இந்தக் கத்தியோடு மிகவும் சேர்த்துப் பேசப்படும் இடம் கிரீட் தீவு. 1941 மே 20 அன்று ஜெர்மன் வீரர்கள் அங்கே வானிலிருந்து இறங்கினார்கள். கைத்துப்பாக்கி, கையெறி குண்டு, இந்தக் கத்தி, பெரும்பாலானவர்களிடம் அவ்வளவுதான், துப்பாக்கிகள் தனிப் பெட்டியில் வேறு எங்கோ விழுந்தன. பெட்டியைத் தேடி ஓடும்போதே செத்தவர்கள் ஏராளம். தீவின் விவசாயிகளும் பெண்களும்கூடக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எதிர்த்தார்கள். அதற்குப் பழிவாங்க, பாராசூட் படைத் தளபதி குர்ட் ஸ்டூடன்ட் உத்தரவிட்டதன் பேரில், ஜூன் 2-ஆம் தேதி கொண்டோமரி கிராமத்து ஆண்களை ஆலிவ் தோப்பில் நிறுத்திச் சுட்டார்கள். மறுநாள் கண்டானோஸ் என்ற ஊரையே தரைமட்டமாக்கினார்கள். கொண்டோமரியில் சுட்டதும் பாராசூட் வீரர்கள், இந்தக் கத்தி யார் தொடைப் பையில் இருந்ததோ அதே படை. என் பெட்டியில் கத்திக்குப் பக்கத்தில் அந்த இரண்டு ஊரின் பெயரையும் தேதியையும் எழுதிய அட்டை ஒன்று வைத்திருக்கிறேன், பார்க்க வருகிறவர்கள் அதையும் படிக்கட்டும் என்று. 'வீர வாள்' மாதிரி இதைப் பேசுகிறவர்களிடம் நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை.

சேகரிக்கத் தொடங்கலாமா என்ற கேள்விக்கு, சட்டம் இடம் கொடுத்தால் தாராளமாகத் தொடங்குங்கள், ஆனால் அந்தச் சந்தைக் கத்தியிலிருந்து வேண்டாம். அதற்கு முன்னால் சோலிங்கனின் கிரேஃப்ராத் பகுதியில் பழைய மடம் ஒன்றில் இருக்கும் ஜெர்மன் கத்தி அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள், பாரிஸிலிருந்து ரயிலில் எட்டும் தூரம்தான். சோலிங்கன் வேலை என்றால் மெருகு எப்படி இருக்கும், எழுத்து எப்படி விழும் என்று கண்ணுக்குப் பழகும்.

அப்புறம் அந்தக் கத்தி இன்னும் விற்காமல் இருந்தால், விற்பவரிடம் கேட்டு நாலு இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்: லீவரில் கட்டைவிரல் படும் இடம், ரிவெட்டைச் சுற்றியுள்ள மரம், வெளிச்சத்தைச் சாய்த்து அலகின் இரண்டு கன்னமும், குத்தூசி மடங்கும் அடிப்பள்ளம். கழுகை எடுக்க வேண்டாம். முதல் நாலும் சரியாக இருந்தால் அதை அப்புறம் கேட்கிறேன்.